ஆங்கிலத்தில் காரணமும் விளைவும்

'மழையால் சாலை வெள்ளக்காடாயிற்று' என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 'ஆல்' என்னும் ஓர் உருபே காரணத்தைச் சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்திலோ காரணத்தைச் சுட்டும் சொல் ஒவ்வொன்றும் தனக்குரிய துணையோடுதான் நடமாடும்.

பெங்களூரில் 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையால் வெளிவட்டச் சாலைப் பகுதிகள் நீரில் மூழ்கியதை நேயர்கள் பலர் அறிவர். இதனை ஆங்கிலத்தில் சொல்லுங்கால், மழையை முன்வைத்தால் 'ரிசல்டட் இன்' எனவும், வெள்ளத்தை முன்வைத்தால் 'ரிசல்டட் ஃப்ரம்' எனவும் வரும். முன்னது விளைவை நோக்கிச் செல்வது. பின்னது காரணத்தை நோக்கித் திரும்புவது. இவை இடம் மாறினால் வெள்ளமே மழையைப் பெய்வித்ததாக முடியும்! மழையைப் பற்றியதாயின் சிரிப்போடு போயிற்று. தொழிற்சாலை விபத்துக்கு விளக்கம் எழுதித் தரும் ஒருவர், இயந்திரம் பழுதுபட்டதால் தம் கை தவறிற்று என்று சொல்ல எண்ணி இத்துணையை மாற்றிவிட்டால், தம் கை தவறியதால்தான் இயந்திரம் பழுதாயிற்று என்று தாமே கையொப்பமிட்டுத் தந்தவராவார்.

நினைவில் இருத்திக்கொள்ள அண்டை மொழியே நமக்கு உதவும். கன்னடத்தார் 'மளெயிந்த' என்பர். ஊரிலிருந்து வந்ததைச் சொல்லவும் அவர்களுக்கு அதே உருபுதான். நம் நன்னூலும் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கற் பொருளோடு ஏதுப் பொருளையும் கூறுகிறது. 'ஃப்ரம்' என்பதும் அவ்வாறே இரு தொழில் புரிகின்றது.

'லீட்' என்பதற்கு 'டு' துணை. 'காஸ்' என்னும் பெயர்ச்சொல் 'ஆஃப்' என்பதையும், 'ரீசன்' என்பது 'ஃபார்' என்பதையும் நாடும். இவ்விரண்டையும் நாம் 'காரணம்' என்றே வழங்குவதால் துணைகளைக் குழப்பிக்கொள்கிறோம்.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. 'காஸ்' என்பது வினையாகும்போது பெரும்பாலும் தீமையோடே சேரும்: 'காஸ் டேமேஜ்', 'காஸ் டிலே', 'காஸ் டிரபிள்'. நல்ல மாறுதலுக்கு 'பிரிங் அபவுட்' என்பதே பொருந்தும். மேலதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதுபவர், தம் பதவி உயர்வை அவர் 'காஸ்' செய்ததாக எழுதினால் இலக்கணம் பிழைபடாது. ஆயினும் நன்றியில் குற்றச்சாட்டின் சாயல் படிந்துவிடும். அகராதியில் பொருள் மட்டும் பார்ப்போர்க்கு இது புலப்படுவதில்லை.

இத்தகைய சேர்க்கைகளை அயல்மொழி மாணவர்க்கெனத் திரட்டியவர்களுள் ஹரால்ட் பாமர் குறிப்பிடத்தக்கவர். அவரது அறிக்கை 1933-இல் டோக்கியோவில் வெளிவந்தது. பெங்களூரிலேயே 1963-இல் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் தோன்றி, ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றி வருகிறது.

இனி, அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி இடறும் ஓர் இணை. 'எஃபெக்ட்' பெயராய் வருங்கால் 'ஹேவ் அன் எஃபெக்ட் ஆன்' என 'ஆன்' வேண்டும். 'அஃபெக்ட்' என்னும் வினையோ எத்துணையும் வேண்டாது தனித்தே நிற்கும்.