முதலில் கருத்தடை, பிறகு சோடி: வீட்டு முயலும் கினிபிக்கும்

முயலும் கினிபிக்கும் துணையோடு வாழும் பிராணிகள். ஒன்றை மட்டும் தனிக்கூட்டில் அடைத்து வளர்ப்பது அவற்றை வாட்டும். கினிபிக்கைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்து 2008இல் விதியே செய்தது. ஆனால் ஆணையும் பெண்ணையும் அப்படியே ஒன்றாக விட்டால் சில மாதங்களில் வீடு கொள்ளாது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில், முற்றம் இல்லாமல் பல்கனியிலோ ஹோல் மூலையிலோ வளர்ப்போருக்கு இது பெரிய சுமை. துணையும் வேண்டும், குட்டிகளும் பெருகக் கூடாது என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் வழி.

சிக்கல் பெரும்பாலும் வாங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஆறேழு வாரக் குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் எளிதல்ல. ‘இரண்டும் பெண்தான்’ என்று சொல்லி விற்கப்படும் சோடியில் ஒன்று ஆணாக இருந்துவிடுவது எங்கும் நடப்பது. முயற்குட்டியை மடியில் மல்லாத்தி, வாலுக்கு முன்னுள்ள துவாரத்தின் இரு பக்கத்தையும் விரலால் மெல்ல அழுத்தினால் பெண்ணில் நீளமான பிளவும் ஆணில் வட்டமான முனையும் தெரியும். அப்போது முதுகையும் பின்னங்கால்களையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். முயல் பலமாக உதறினால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். கினிபிக்கில் துவாரத்துக்கு மேலே மெல்ல அழுத்தினால் ஆண்குறி வெளியே தெரியும். எப்படிப் பார்த்தாலும், வாங்கிய வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்வதே நல்லது.

தாமதத்துக்கு இடமில்லை. முயலின் கர்ப்பகாலம் 30 முதல் 32 நாள். ஈன்ற அன்றே அது மறுபடி கருத்தரிக்கும். கினிபிக்கின் கர்ப்பகாலம் 59 முதல் 72 நாள் என்றாலும், அதுவும் ஈன்ற சில மணி நேரத்தில் மீண்டும் கருத்தரிக்கக்கூடியது. பெண் கினிபிக் 4 முதல் 6 வாரத்திலேயே பருவமடைவதால், கடையில் ஆண்களோடு ஒரே பெட்டியில் இருந்த குட்டி வயிற்றில் கருவோடுதான் வீட்டுக்கு வரக்கூடும். ஆண் கினிபிக் குட்டிகளை 3 வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பது இதனால்தான்.

பெண் பிராணிக்கு உயிராபத்தும் உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வரும். சில இனங்களில் 4 வயது தாண்டியவற்றில் பாதிக்கும் மேல் இதற்கு ஆளாவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கினிபிக்கின் ஆபத்து வேறுவகை. அது முதற்பிரசவத்தை 6, 7 மாத வயதுக்குள் காணாவிட்டால் இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடுகிறது. அதன் பிறகு கருத்தரித்தால் குட்டி வெளியேற வழி போதாது. உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் தாயும் குட்டிகளும் இறந்துவிடலாம். ஒரு வயது கடந்த பெண் கினிபிக்கோடு, ‘பாவம், தனியாக இருக்கிறதே’ என்று ஆண் ஒன்றை வாங்கி விடுவது அன்பால் செய்யும் மிக மோசமான தவறு.

முயலில் ஆணுக்கு ஏறக்குறைய 4 மாதத்திலும் பெண்ணுக்கு 5, 6 மாதத்திலும் சத்திரசிகிச்சை செய்யலாம். கினிபிக்கில் பெண்ணுக்குச் செய்வது கடினமானது. எனவே சோடி சேர்க்க ஆணுக்குச் செய்வதே வழக்கம். மாட்டுக்கும் கிடாய்க்கும் ஊரில் செய்யும் நலமடிப்பை இவற்றில் ஒருபோதும் செய்யக் கூடாது. மயக்க மருந்தும் வலி நிவாரணமும் இல்லாமல் இச்சிறு உடல்கள் தாங்கா. இலங்கையின் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மிருக வைத்தியரே இதைச் செய்ய வேண்டும். நாய், பூனை பார்ப்பவர் எல்லோருக்கும் முயலில் பழக்கம் இருக்காது. ‘முயலுக்கு எத்தனை முறை செய்திருக்கிறீர்கள், வலிக்கு என்ன கொடுப்பீர்கள்’ என்று கேட்பது வளர்ப்போரின் உரிமை. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

‘முதல்நாள் இரவே சாப்பாட்டை நிறுத்துங்கள்’ என்று யாராவது சொன்னால் அவருக்கு முயலில் பழக்கம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். முயலுக்கு வாந்தி வராது. பட்டினி போட்டால் குடலியக்கம் நின்றுவிடும். சிகிச்சைக்குப் பிறகு அதை மரத்தூளில் விடாமல் சுத்தமான துவாயில் படுக்க வைத்து, கழுவிய கினியாப்புல்லை முன்னால் வைக்க வேண்டும். 10, 12 மணி நேரமாகச் சாப்பிடவும் இல்லை, புழுக்கை போடவும் இல்லை என்றால் அது அவசரநிலை. பாமசியில் தானாக மருந்து வாங்கிக் கொடுக்கக் கூடாது. வாய்வழி அமொக்சிசிலின் இவ்விரண்டு பிராணிகளின் குடலையும் குலைத்துக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு.

ஆணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தவுடன் பெண்ணோடு விடலாம் என்று நினைப்பதே பலர் செய்யும் பிழை. உடலில் எஞ்சிய விந்தணுவால் 6 வாரம் வரை கருத்தரிக்க வைக்கும் ஆற்றல் இருக்கும். அதுவரை கம்பி வலைக்கு அப்பாலும் இப்பாலுமாக, பார்க்கவும் மணக்கவும் முடியும்படி வைக்கலாம். படுக்கைத் துணிகளை அடிக்கடி மாற்றிப் போட்டால் மணம் பழகிவிடும்.

சேர்க்கும் நாளில் இரண்டுக்கும் பழக்கமில்லாத இடம் வேண்டும். சின்ன பிளாட்டில் குளியலறைத் தரையோ படுக்கையறையின் ஒரு மூலையோ போதும். வழுக்காமல் விரிப்புப் போட்டு, இரு பக்கமும் வாசல் வெட்டிய காட்போட் பெட்டியும் புல்லும் வைத்து, கூடவே இருந்து கவனிக்க வேண்டும். துரத்துவதும் மேலேறுவதும் இயல்பு. காதைப் பின்னால் மடக்கிப் பாய்வது, மயிர் பறப்பது, வட்டமாகச் சுழன்று கடிப்பது சண்டை. தடித்த துவாயைப் போட்டுப் பிரிக்க வேண்டும், வெறுங்கையை நடுவில் விடக் கூடாது. அருகருகே படுத்து ஒன்றையொன்று நக்கத் தொடங்கினால் பழகிவிட்டது எனலாம். சில சோடிகளுக்கு ஒரு நாள் போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்காகும். முயலில் கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும் மிக நன்றாகச் சேரும். கினிபிக்கில் கருத்தடை செய்த ஓர் ஆணோடு ஒன்றிரண்டு பெண்கள், அல்லது பெண்கள் மட்டும்.

முயலையும் கினிபிக்கையும் ஒரே கூட்டில் சேர்ப்பது துணையாகாது. முயலின் ஓர் உதையே கினிபிக்கின் எலும்பை முறிக்கும். முயலின் மூக்கில் நோய்க்குறியில்லாமல் இருக்கும் போடெடெல்லாக் கிருமி கினிபிக்குக்கு நிமோனியா தரும். உணவும் வேறு. கினிபிக்கின் உடல் வைட்டமின் சீயை உண்டாக்காது என்பதால் கொய்யாவோ விதை நீக்கிய கறிமிளகாயோ நாளாந்தம் வேண்டும்.

கொழும்பில் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 28 பாகை தாண்டினால் இரண்டுக்குமே ஆபத்து நெருங்கும். கொழும்பின் பகல் பெரும்பாலும் 30க்கு மேல். பின்னேர வெயில் விழும் பல்கனியில் கூடு வைக்கக் கூடாது. சோடி சேர்ப்பதையும் காலையில் செய்வது நல்லது.

பாலை மாற்றிச் சொல்லி விற்றதால் ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி விற்ற பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். பிராணியும் இதில் அடங்கும். எனவே வாங்கும்போது இனம், பால், வயது ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். தவறு தெரிந்ததும் வைத்தியரின் குறிப்பை இணைத்துக் கடைக்கு எழுத்தில் அறிவிக்கலாம்; தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தொடர்மாடியில் இருப்போர் வாங்கும் முன் தம் கட்டடத்தின் உள்விதிகளில் வளர்ப்புப் பிராணி பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமை தொடர்பில் நாட்டின் அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பட்டினியாலோ வேறு வதையாலோ துன்புறும் பிராணியை விற்பனைக்கு வைப்பதும் அதன்கீழ்க் குற்றம். ஆனால் அதன் மூல வாசகம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபாய். சட்ட ஆணைக்குழு 2006இலேயே விலங்கு நலச் சட்டவரைவு ஒன்றைத் தயாரித்தும் அது நிறைவேறாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது வெட்கத்துக்குரியது. வதையைக் கண்டவர் புகைப்படமும் திகதியும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம்; முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.