ஒரு கதவு எண், ஒரு சால்

அம்பர்நாத்தில், கி.பி. 1060-ஆம் ஆண்டின் சாசனத்தைத் தாங்கி நிற்கும் சிவாலயத்துக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவருடைய வீட்டுக்கு மாலையில் போனால், டவர் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் விளிம்பில் அவருடைய கைப்பேசி சார்ஜரோடு வீற்றிருப்பதையும், அதன் ஹாட்ஸ்பாட்டை நம்பி மகள் மடிக்கணினியில் கல்லூரிப் பாடத்தையும், பாட்டி டேப்லெட்டில் திருநெல்வேலியிலிருக்கும் தம்பியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதையும் காணலாம். அந்தக் கைப்பேசியைத் தொட்டால் சுடும். டவரோடு பேசும் ரேடியோவும் வீட்டாரோடு பேசும் வைஃபை ரேடியோவும் ஒரே சமயத்தில் உழைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மும்பையில் சால் எனப்படும் பல அறைக் குடியிருப்பு ஒன்றுக்குக் கதவு எண் ஒன்றே இருந்தாலும், வாசற்காவலர் இன்ன கடிதம் இன்ன அறைக்கு என்று அறிந்து சேர்ப்பதுபோல, கைப்பேசியும் வெளியுலகுக்குத் தன் முகவரி ஒன்றையே காட்டி, உள்ளே இருக்கும் சாதனங்களுக்கு பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் தனி எண்களை அளித்து, யார் எதைக் கேட்டார் என்பதைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, வரும் விடையை உரியவரிடம் சேர்ப்பிக்கிறது.

2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தபோது இணைப்பைப் பகிரும் இவ்வசதி அதில் இல்லை. ஆயினும் அடியில் இருந்த லினக்ஸ் கருவுக்கு இவ்வித்தை முன்பே தெரியும் என்று உணர்ந்த ஆர்வலர்கள், ‘ரூட்’ செய்து முழு அதிகாரத்தையும் கைக்கொண்டு இணைப்பைப் பகிர்ந்தார்கள். 2010 மே மாதம் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 அதைச் சகலருக்கும் பொதுவாக்கியது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இது உவப்பாக இல்லை. லினக்ஸ் சாதனத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் பொதுவாக 64 என்ற எண்ணைச் சுமந்து, வழியில் கடக்கும் ஒவ்வொரு சாவடியிலும் ஒன்றை இழப்பதால், 63 என்று வந்து சேர்ந்தால் அது கைப்பேசிக்குப் பின்னாலிருந்து வந்ததென்று ஊகித்துவிடலாம். அமெரிக்காவில் பகிர்வுச் செயலிகளை வாடிக்கையாளர் பெறாதபடி தடுத்தது குறித்து எழுந்த விசாரணை, 2012-இல் வெரைசன் வயர்லெஸ் 12.5 லட்சம் டாலர் செலுத்தியதோடு முடிவுற்றது.

காசு கொடுத்து வாங்கிய யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறதென்று அறிவதும், அறிந்தபின் திருத்துவதும் உடையவரின் உரிமையே என்பது என் திடமான அபிப்பிராயம். 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய, ஆண்ட்ராய்டின் மாற்றுப் பதிப்பான சயனோஜென்மாட்டும், 2016 டிசம்பரில் அதன் வாரிசாகப் பிறந்த லினியேஜ் ஓஎஸ்ஸும், தயாரித்தவர்களே கைவிட்ட கைப்பேசிகள் பலவற்றுக்கு மறுவாழ்வு தந்தன. ஆனால் இவற்றை ஏற்றுவதற்காக, கைப்பேசியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது உள்ளிருப்பவை யாவும் பொதுவாக அழிந்துபோகும். வங்கிச் செயலிகள் பல அதன்பின் இயங்க மறுக்கும். வேறு மாடலுக்குரிய மென்பொருளை ஏற்றினால் கைப்பேசி வெறுங்கல்லாகவும் ஆகலாம்.

ஆகையால் இளைஞர்களே, சம்பளம் வந்துசேரும் அப்பாவின் கைப்பேசியைத் தொடாதீர்கள். அலமாரியில் உறங்கும் பழைய கைப்பேசியை எடுங்கள், உள்ளிருக்கும் படங்களைப் பிரதி எடுத்து வையுங்கள், மாடல் எண்ணை இருமுறை சரிபாருங்கள், பிறகு தொடங்குங்கள்.