அழகர்மலையில் தோசை மட்டும்தானா? இதெல்லாம் தெரியுமா?

மதுரைக்கு வடகிழக்கே 21 கிலோமீட்டர். பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் அழகர்கோயில். இறங்குகிறோம், பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிடுகிறோம், பெருமாளைச் சேவிக்கிறோம், தோசை வாங்குகிறோம். தெம்பிருந்தால் மேலே பழமுதிர்சோலை முருகன், அதற்கும் மேலே ராக்காயி அம்மன் தீர்த்தம். அடுத்த பஸ்ஸில் வீடு. சரி, அந்த மலைப்பாதையின் இருபுறமும் ஒரு காடு நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா? அதையும், அதைச் சுற்றிக் கிடக்கும் கண்மாய், குன்று, கிராமம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். மூச்சு வாங்கினால் மன்னிக்கவும்!

இந்த மலைக்கு வழிகாட்டிக் குறிப்பு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது, தெரியுமா? கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடந்து வருகிறார்கள். எதிரே வந்த மாங்காட்டு மறையவன், கொடும்பாளூரைத் தாண்டினால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். இடப்பக்கத்து வழியில் போனால் திருமால் குன்றம், அதாவது நம் அழகர்மலை. அங்கே ஒரு குகை, குகைக்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் முழுகினால் இந்திரனின் இலக்கண நூல் கைவசமாகும். அடுத்ததில் முழுகினால் போன பிறவி தெரியும். மூன்றாவதில் நினைத்தது நடக்கும். எவ்வளவு அருமையான விளம்பரம்! கவுந்தியடிகளோ சமணத் துறவி. இதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். மூவரும் நடு வழியில் போகிறார்கள். இடப்பக்கமே போயிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடிகிறதா?

மூன்று பொய்கையை யாரும் இன்று காட்டுவதில்லை. ஆனால் தண்ணீர் இருக்கிறது. மலைமேல் ராக்காயி அம்மன் சந்நிதியில் கொட்டும் நூபுர கங்கைதான் அது. சிலம்பாறு என்றும் பெயர். அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான், வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது கோயில் நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்புக்கு அழகரே மலையேறி வந்து குளித்துவிட்டுப் போகிறார்! சுற்றிலும் மண்டை காயும் வறண்ட பூமி. உச்சியில் மட்டும் தண்ணீர் எப்படி? ரகசியம் காட்டில்தான். மொட்டைப் பாறையில் விழும் மழை அப்படியே வழிந்து ஓடிவிடும். மரமும் சருகும் மண்ணும் மூடிய பாறையில் விழும் மழை நின்று, ஊறி, வெடிப்புகளுக்குள் இறங்கி, மெதுவாகக் கசிந்து, எங்கோ ஒரு சந்தில் ஊற்றாக எட்டிப்பார்க்கும். மரத்தை வெட்டினால் தீர்த்தமும் போச்சு. அந்தக் கணக்கு ராக்காயி அம்மனுக்குத் தெரியும்!

தோசையையும் விட்டுவிட முடியாது. அழகர்கோயில் தோசையைக் கையில் வாங்கியதும் கனம் தெரியும். கறுப்புத் தோலோடு அரைத்த உளுந்து, அதில் மிளகு, சுக்கு, சீரகம், நெய்யில் பொரித்த மொறுமொறு விளிம்பு, நடுவே திண்ணென்ற சதை. விவசாயிகள் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டும் தானியம்தான் இந்தத் தோசையாகிறது என்பார்கள். வெளியே வந்ததும் பையில் மறைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்த ஆச்சரியம் மரக்கிளையில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவகிடு எடுத்துச் சீவிய தலையோடு இருக்கும் இந்த நாட்டுக்குரங்கு உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் உண்டு! பறித்ததை உடனே தின்னாது. கன்னத்துப் பைகளில் அடைத்துக்கொண்டு ஓடி, சாவகாசமாக வெளியே எடுத்து மெல்லும்.

இன்னொன்று. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் புறப்படும்போது, அவர் போட்டுக்கொண்டு போகும் நகைகளின் பட்டியலைப் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் வாசிக்கிறார்கள். திரும்பி வந்ததும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். பெருமாளே ஆனாலும் தணிக்கை உண்டு! அந்தக் கருப்பருக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய இரண்டு பெரிய கதவுகளைத்தான் கும்பிடுகிறோம். இந்த மாதிரி விஷயங்களுக்கு இன்னும் ஆசைப்பட்டால் தொ. பரமசிவன் எழுதிய ‘அழகர் கோயில்’ புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். அதற்குப் பிறகு இந்த மலையைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது.

இப்போது காட்டுக்குள். பாதையோரம் ஒல்லியாக நிற்கும் வெப்பாலை மரத்தின் இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பச்சை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் என்ன நிறமாகும், தெரியுமா? கத்தரிப்பூ நிறம்! தோல் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் தரும் எண்ணெய் இதுதான். கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றைக் கடைவதும் வெப்பாலை மரத்தில்தான். பக்கத்தில் நிற்கும் உசிலையின் காய்ந்த இலைதான் பாட்டி தலைக்குத் தேய்த்த அரப்பு.

மழைக்காலத்தில் போனால் புதரில் தீப்பிடித்த மாதிரி செங்காந்தள். நின்று பாருங்கள். ஒரே கொடியில் ஒரு பூ பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், அடுத்தது பாதி மஞ்சள் பாதி சிவப்பு, அதற்கடுத்தது முழுச் சிவப்பு. மூன்று வகைப் பூ இல்லை. ஒரே பூவின் மூன்று வயது! இதழ்கள் எல்லாம் தலைகீழாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சூல்தண்டு மட்டும் முறித்து வைத்தாற்போல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கொடிக்கென்று தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். அழகு மேலே, விஷமோ கிழங்கு, விதை என்று செடி முழுக்க. கண்வலிக்கிழங்கு என்பது இதன் கிழங்குதான். தின்றால் ஆளையே கொல்லும். அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற பொருளை அளந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. இன்னும் கேளுங்கள்: கொட்டையில்லாத் தர்பூசணியை உருவாக்கவும் அதே கோல்ச்சிசின்தான் உதவியது! பூவைப் பாருங்கள், படம் எடுங்கள், கையால் தொடாமல் நகருங்கள்.

இரவில் இந்த வட்டாரத்துக் காடுகளில் உலவும் ஒருவரைப் பகலில் பார்க்கவே முடியாது. அவர்தான் தேவாங்கு! எடை ஏறக்குறைய கால் கிலோ. குச்சிக் கால், குச்சிக் கை, வாலே இல்லை, முகத்தில் பாதி கண். குரங்கின் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடும் முன் அடுத்த கிளையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் போகும். அப்படியே போய்ப் பூச்சியை ‘லபக்’கென்று இரண்டு கையாலும் பிடிக்கும். தன் சிறுநீரையே கை கால்களில் தடவிக்கொள்ளும் வினோதமும் உண்டு. பாவம், மந்திரம் தாயத்து என்று சொல்லி மனிதர்கள் இதைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் 2022-ல் நம் பக்கத்து திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளில் அறிவிக்கப்பட்டது, 11,806 ஹெக்டேர்!

அழுங்கும் இந்தப் பக்கத்து ஆசாமிதான். உடம்பில் செதில் உள்ள பாலூட்டி உலகத்தில் இது ஒன்றுதான். செதில் முழுக்க நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பையும் கறையானையும் நாக்கால் இழுத்து அப்படியே விழுங்கும். குட்டியை வாலின் மேல் ஏற்றிச் சவாரி அழைத்துப் போகும். காட்டுமாடும் உண்டு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட அந்தக் கறுப்பு மலையைத் தூரத்தில் பார்ப்பதே உத்தமம்.

கோயிலை விட்டு இறங்கிச் சுற்றுப்புறத்துக்கு வருவோம். கிடாரிப்பட்டிப் பக்கம் மலைச்சரிவில் ஒரு பெரிய குகைத்தளம். சமணத் துறவிகள் படுக்க வெட்டிய கற்படுக்கைகள், மேலே தமிழ்பிராமி எழுத்துகள். யார் யார் பெயர் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். மதுரைப் பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், கொழு விற்றவர், துணி விற்றவர், வெல்லப்பாகு வணிகர்! ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய மதுரைக் கடைவீதியே பாறையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மதுரை வணிகர்களின் நன்கொடைப் பலகை மோகம் இன்று நேற்று வந்ததில்லை.

அங்கிருந்து மேலூர்ப் பக்கம் மாங்குளம். இந்த மலைக் கல்வெட்டுகளை 1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சுவெல் கண்டார். ஆனால் எழுதியிருக்கும் மொழி என்ன என்று பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. இப்படிப்பட்ட குகைக் கல்வெட்டுகள் தமிழே என்று 1924-ல் எடுத்துக்காட்டியவர் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். மாங்குளத்தில் இருக்கும் பெயர்களில் ஒன்று நெடுஞ்செழியன்! சங்கப் பாட்டில் கேட்ட பெயர், ஆடு மேய்கிற குன்றில்.

பக்கத்திலேயே அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஊர். பரப்பு 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், ஏறக்குறைய 250 பறவை இனங்கள் என்று அடுக்குகிறது அரசு அறிவிப்பு. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காதது. நிமிர்ந்தால் பாறை முகட்டில் ஷாஹீன் வல்லூறு. உலகத்திலேயே வேகமான பறவை இனத்தின் நம்மூர்க் கிளை இது. இரையைப் பார்த்துத் தலைகீழாகப் பாயும்போது இந்த இனத்தின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்! மேலூர் சாலையில் போகும் எந்த வண்டியும் கிட்டே நிற்க முடியாது.

இந்தப் பாறைகளுக்கு அடியில் டங்ஸ்டன் இருக்கிறது என்பதும் தெரியுமா? 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சேர்த்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கொதித்தெழுந்தது மேலூர் வட்டாரம். டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மதுரையை நோக்கி மக்கள் நடை. 2025 ஜனவரி முடிவதற்குள் ஏலம் ரத்து! என் கணக்கில் அரிட்டாபட்டியின் மிகப் பெரிய அதிசயம் வல்லூறு இல்லை, இதுதான்.

நத்தம் பக்கம் காசம்பட்டியில் இன்னொரு விந்தை. வீரணன் சாமிக்கு விட்டுவைத்த கோயில் காடு, மொத்தமே ஐந்து ஹெக்டேருக்குள். அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டிய மாந்தோப்பு பூமியில், சாமிக்குப் பயந்து ஊரே காத்த துண்டு நிலம். 2025 மார்ச்சில் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆகிவிட்டது.

மேலூர் வயலில் பாயும் தண்ணீரின் கதையும் லேசுப்பட்டதல்ல. மேற்கே கேரள மலையில் பெய்து அரபிக்கடலுக்குப் போக வேண்டிய மழை அது! 1895-ல் பொறியாளர் பென்னிகுக் கட்டிமுடித்த பெரியாறு அணை, மலையைக் குடைந்து அதைக் கிழக்கே திருப்பிவிட்டது. வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைசியில் கண்மாய்.

அறுவடை முடிந்து, வெயில் ஏறி, அந்தக் கண்மாய் முழங்காலளவுக்கு வற்றும்போதுதான் மீன்பிடித் திருவிழா. விடியும் முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கரையில் கூடிவிடுவார்கள். கையில் ஊத்தாக் கூடை, கச்சா, வலை. ஆனால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் ஒரே பாய்ச்சல்! விரால், கெண்டை, கெளுத்தி என்று யார் கைக்கு எது சிக்குகிறதோ அது அவர்களுக்கு. யாரும் விற்க மாட்டார்கள், குழம்புக்குத்தான். வெளியூர்க்காரரும் தாராளமாக இறங்கலாம். ஊத்தா இல்லாவிட்டால் கட்டியிருக்கும் வேட்டியை வலையாக்கிக்கொள்கிற ஆட்களும் உண்டு, ஆனால் உள்ளே கால்சட்டை போட்டுக்கொண்டு போவது நல்லது.