சுடு – சூடு: ஒரு வினையும் அதன் பெயரும்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், கம்மாபுரம் வட்டாரம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அச்சில் வார்த்து உலர்த்திய களிமண் பொம்மை நீர் பட்டால் மீண்டும் சேறாகிவிடும். சூளையில் ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தில், களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அம்மண் நீரில் கரைவதில்லை. இம்மாற்றத்தை விளைவிக்கும் செயலைத் தமிழ் 'சுடு' என்னும் ஈரெழுத்துச் சொல்லால் குறிக்கிறது.

'சுடு' பல பொருள்களில் வழங்கும். பானை சுடுதலும் தோசை சுடுதலும் நெருப்பில் பதப்படுத்துதலைக் குறிக்கும். 'வெயில் சுடுகிறது' என்பது வெம்மையையும், 'துப்பாக்கியால் சுட்டான்' என்பது தாக்குதலையும், 'அவர் சொல் சுட்டது' என்பது மனவருத்தத்தையும் உணர்த்தும்.

'செய்' என்னும் வினை தகர இடைநிலை பெற்றுச் 'செய்தான்' என இறந்தகாலம் காட்டும். 'சுடு' இடைநிலை பெறுவதில்லை. பகுதியின் ஒற்று இரட்டித்துச் 'சுட்டான்' என்றாகிறது. புகு, இடு, பெறு ஆகியனவும் இவ்வாறே புக்கான், இட்டான், பெற்றான் என வரும்.

பெயராகும்போது முதலெழுத்து நீண்டு 'சூடு' என்றாகிறது. கெடு – கேடு, பெறு – பேறு என்பன போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். விகுதி பெற்ற 'சுடுதல்' செயலை மட்டும் குறிக்க, 'சூடு' வெப்பத்தையும் சுட்ட தழும்பையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பாடுதலைக் குறிக்கும் 'சிங்' என்னும் வினை, இறந்தகாலத்தில் 'சேங்' எனவும் பெயரில் 'சாங்' எனவும் உயிரொலி மாறுகிறது. தமிழிலோ ஒற்றின் இரட்டிப்பு காலத்தையும், உயிரின் நீட்சி பெயரையும் தருகின்றன.

இவ்வடிவங்களைக் கையாள்வதில் கவனம் தேவை. 'பூச்சூடினாள்' என்பதில் உள்ள 'சூடு', அணிதலைக் குறிக்கும் வேறொரு வினை. 'சுட்டு' என்னும் வினை 'சுட்டினான்' என வரும். 'காவலர் அவனைச் சுட்டினார்' என்றால் அடையாளம் காட்டினார் என்பது பொருள். 'சுட்டார்' என்றால் ஓர் உயிரே போயிருக்கலாம். ஓரெழுத்துப் பிழை செய்தியையே மாற்றிவிடும்.

'சுடுமண்' என்பது வினைத்தொகை. சுட்ட மண், சுடுகின்ற மண், சுடும் மண் என முக்காலத்திற்கும் அது பொருந்தும். கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டன. நெடுங்காலம் மண்ணுள் புதைந்திருந்தும் அவை கரையாமல் வடிவத்தோடு கிடைத்தமைக்கு, அவற்றை ஆக்கியோர் முறையாகச் சுட்டதே காரணம்.