வீட்டு ஷட்டர் மக்கர் செய்கிறதா? நீங்களே செய்யக்கூடியவை... தொடவே கூடாதவை!

ஷட்டர் இறங்கும் சத்தத்தை வைத்தே, எந்த வீட்டுக் கார் வந்துவிட்டது என்று தெருவில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் கூடினால், ‘பழசாயிடுச்சு, அப்படித்தான் கத்தும்’ என்று விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். ஒருநாள் காலை அவசரத்தில் அது பாதியில் சிக்கிக்கொண்டால், ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். ஆனால், கீழே குழந்தை நிற்கும்போது சட்டென்று இறங்கினால்? கார் ஷெட் ஷட்டரைக் கவனிப்பது சத்தத்துக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான்.

எடையைத் தாங்குவது எது?

கையால் தூக்கும் ஷட்டரில், இரும்புப் பட்டைகள் மேலே உள்ள பைப்பில் பாய் போலச் சுருண்டுகொள்ளும். அந்தப் பைப்போடு ஸ்பிரிங்குகள் பொருத்தப்பட்டிருக்கும். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் பெரும்பகுதி எடையைத் தாங்கும். அதனால்தான் அவ்வளவு கனமான ஷட்டரை ஒருவரே தூக்க முடிகிறது.

ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஷட்டரை இடுப்பு உயரம் வரை தூக்கி, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். கால் அடியில் இருக்கக் கூடாது. கையும் பிடியை விட்டு விலகக் கூடாது. அங்கேயே நின்றால் நல்லது. கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். இரண்டில் எதுவாக இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை 20 நிமிடம்

* இரண்டு பக்கமும் உள்ள கைடு சேனலில் மண், சிறு கல், காய்ந்த இலை சேரும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள்.
* சேனலில் கிரீஸ் அப்ப வேண்டாம். தூசியைப் பிடித்துவைத்து, அதுவே அடைப்பாகிவிடும். சமையல் எண்ணெயும் நாளடைவில் பிசுபிசுக்கும். சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.
* பூட்டு, தாழ்ப்பாளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.
* மழைநீர் தேங்கும் அடிப்பட்டையில்தான் துரு முதலில் பிடிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். கடலோர ஊர்களில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.
* பல நாள் அசைக்காத ஷட்டரில் குளவி, அணில் கூடு கட்டியிருக்கலாம். இயக்கும் முன் மேலே ஒருமுறை பாருங்கள்.
* ஒரு ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், நடுவில் இரு கைகளாலும் தூக்குங்கள். ஒருபக்கமாக இழுத்தால் பட்டை கோணி, சேனலில் சிக்கும்.

மோட்டார் ஷட்டரா?

ரிமோட் வேலை செய்யவில்லையா? சுவர் சுவிட்சை அழுத்துங்கள். அதில் இயங்கினால் பிரச்னை ரிமோட்டில். முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

பாதி இறங்கி மறுபடி மேலே போகிறதா? சென்சார் கண்ணில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கலாம். மெல்லிய துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பலமுறை ஏற்றி இறக்கியதும் நின்றுவிட்டதா? மோட்டார் சூடாகியிருக்கும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

உறுமல் மட்டும் கேட்கிறது, ஷட்டர் அசையவில்லையா? உடனே நிறுத்துங்கள். தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனின் வேலை.

கரன்ட் போனால் கையால் இயக்க, பெரும்பாலான மோட்டார்களில் சங்கிலியோ கைப்பிடியோ இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பெரியவர்களுக்கு, முன்பே காட்டிவிடுங்கள்.

இதைத் தொடாதீர்கள்!

மேலே உள்ள பைப், ஸ்பிரிங், பிராக்கெட் ஆகியவற்றின் நட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கை எலும்பையே முறித்துவிடும். ‘ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும்’ என்று யாராவது சொன்னாலும் ஸ்டூலில் ஏற வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்...

தானியங்கி கேரேஜ் கதவுகளில் குழந்தைகள் சிக்கிய விபத்துகளால், அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு, யாரும் சிக்காமல் காக்கும் வசதி கட்டாயமானது. உங்கள் ஷட்டரில் சென்சார் இருந்தால், அது இறங்கும்போது துடைப்பக் குச்சியைக் குறுக்கே நீட்டிப் பாருங்கள். நிற்க வேண்டும் அல்லது மேலே போக வேண்டும். அப்படி நடக்காவிட்டால், சரிசெய்யும்வரை ரிமோட்டைப் பயன்படுத்த வேண்டாம். சென்சாரே இல்லையென்றால், பொருத்த முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ரிமோட்டைக் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். ஷட்டர் தரையைத் தொடும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு, பிறகு உள்ளே போங்கள்.