ஒன்பது வாரத்தில் ஒரு மொழி

அமெரிக்க வெளியுறவுத் துறை சொந்தமாக ஒரு மொழிப் பள்ளி நடத்துகிறது. தூதரக வேலைக்குப் போகிறவர்கள் அங்கே படிக்கிறார்கள். பல பத்தாண்டு அனுபவத்தில் அந்தப் பள்ளி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். ஜப்பானியம், சீனம், கொரியம், அரபு என்றால் 2,200 மணி நேரம், அதாவது 88 வாரம்.

இந்தக் கணக்கோடு யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகருக்குப் போனால் தலை சுற்றும். அங்கே, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை ஒட்டி, மோர்மன் சபையின் மிஷனரி பயிற்சி மையம் இருக்கிறது. ஜப்பானுக்குப் போகும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அங்கே கிடைப்பது ஏறக்குறைய ஒன்பது வாரம். அந்த ஒன்பது வாரத்தில் ஒரு நொடிகூடத் தூங்காமல் படித்தாலும் 1,512 மணி நேரம்தான் தேறும். ஆனாலும் பையன் விமானம் ஏறுகிறான். ஜப்பானில் இறங்கிய சில நாட்களில் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் மொழியில் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான்.

சபையார் இதை வரம் என்பார்கள். பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் பல பாஷைகளில் பேசியதாக பைபிள் சொல்கிறதே, அந்த வரம். அவர்கள் நம்பிக்கையோடு நமக்கு வழக்கில்லை. வரம் என்று சொல்லிவிட்டுப் பையனை ஒன்பது வாரம் வகுப்பில் உட்கார வைக்கிறார்களே, அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் நம் விஷயம்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. 1830-இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய இந்தச் சபையின் முழுப் பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. ‘மோர்மன்’ என்ற பட்டப் பெயரைத் தவிர்க்கும்படி 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. ஆனால் ஊர் வாய் இன்னும் அப்படித்தான் சொல்கிறது.

ஆண்களுக்கு இரண்டு ஆண்டு ஊழியம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது, செலவைப் பெரும்பாலும் அவர்களும் குடும்பத்தாருமே ஏற்கிறார்கள். விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றும் பல் மருத்துவர் சான்றும் போக வேண்டும். எந்த நாட்டுக்கு என்று கேட்க அனுமதியில்லை. சால்ட் லேக் சிட்டியில் சபைத் தலைவர்கள் முடிவு செய்து அனுப்பும் அழைப்பைக் குடும்பமே கூடி நிற்கத் திறந்து படிப்பது அங்கே ஒரு சடங்கு மாதிரி. சகோதரிகளில் ஒருத்திக்கு பிரேசில் வரும், அடுத்தவளுக்கு மங்கோலியா வரும். வந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இப்படி மொழிப் பயிற்சி எதுவும் கிடையாது. 1852-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்தியாவுக்கும் சயாமுக்கும் ஆட்கள் அறிவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன். மொழிப் பாடமும் இல்லை, வழிச் செலவுக்குச் சபைப் பணமும் இல்லை. கல்கத்தா வழியாக 1853-இல் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். ஆங்கிலம் தெரிந்தவர்களிடையேதான் அவரால் பெரும்பாலும் புழங்க முடிந்தது. மறு ஆண்டே கப்பலேறிவிட்டார். மொழி தெரியாமல் மதம் பரப்ப வந்தவருக்கு மெட்ராஸ் அதைவிட என்ன செய்திருக்க முடியும்?

மொழிப் பயிற்சி வந்ததே ஒரு தற்செயலால். லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கான விசா தாமதமாகி, அனுப்ப வேண்டிய பிள்ளைகள் சும்மா காத்துக் கிடந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் ஸ்பானிஷாவது படிக்கட்டுமே என்று 1961-இல் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு தொடங்கியது. அது வளர்ந்து 1976-இல் தனி வளாகமாகி, 1978-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. 2020-இல் கொரோனா வந்து மையத்தை மூடியபோது பாடம் வீட்டுத் திரைக்கு மாறியது. திறந்த பிறகும் தொடக்கப் பகுதியை வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் படித்துவிட்டு வரும் முறை நீடிக்கிறது.

வாசலில் பெற்றோர் இறக்கிவிட்டுப் போனதும் பையனின் முதல் பெயர் மறைந்துவிடுகிறது. கறுப்புப் பெயர்ப் பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டுக் குடும்பப் பெயர். பெண் என்றால் ‘சிஸ்டர்’. புதிதாக வந்தவர்களின் பட்டையில் ஒரு ஆரஞ்சு நிறப் பொட்டை ஒட்டிவிடும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. வழி தெரியாமல் நின்றால் மற்றவர்கள் உதவட்டும் என்பதற்காக. பொட்டு வைத்தவர்களைக் கேலி செய்வதும் நடந்தது. காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குள் படுக்க வேண்டும். டி.வி. இல்லை. கூடவே ஒரு துணை. சபை தேர்ந்து கொடுத்த அந்த ஆள் குளியலறை தவிர எங்கும் கண்ணை விட்டு மறையக் கூடாது. வீட்டுக்கு வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசலாம் என்பதே 2019-இல் வந்த சலுகை. அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்.

இனி வகுப்பு. முதலில் வருவது இலக்கணம் இல்லை, ஜெபம். வந்த சில நாட்களிலேயே புது மொழியில் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். இது மொழி கற்பிக்கத் தெரிந்தவர்களின் தேர்வு. இந்தச் சபையில் மனப்பாட ஜெபங்கள் குறைவு; ஆனால் சட்டகம் உறுதியானது. பரலோகப் பிதாவை விளித்து, இன்னின்னதற்கு நன்றி சொல்லி, இன்னின்னது கேட்டு, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் முடிக்க வேண்டும். நான்கு வாய்பாடுகள் தெரிந்தால் போதும், நடுவில் உள்ள பெயர்ச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு நிமிடம் பேசிவிடலாம்.

இது ஏன் எளிது என்பதற்கு மூளையின் ஒரு குறைபாடுதான் காரணம். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்கக்கூடிய துணுக்குகள் சுமார் நான்கு என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் மதிப்பீடு. புது மொழியில் சொல்லைத் தேடி, விகுதியைத் தேடி, வரிசையை யோசிப்பதற்குள் அந்த நான்கு இடமும் நிரம்பிவிடுகிறது. வாய் அடைத்துப் போகிறது. பத்துச் சொல் கொண்ட ஒரு வாய்பாட்டை ஒரே துணுக்காகப் பழக்கிவிட்டால் அது ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். மீதி மூன்று இடம் யோசிக்கக் கிடைக்கிறது. ஜப்பானியத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழருக்கு அதில் சிரமமே இருக்காது, ‘என்று நான் அறிந்திருக்கிறேன்’ என்று முடிப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தில் ‘நான் அறிந்திருக்கிறேன்’ என்று தொடங்கிப் பழகிய யூட்டாப் பையன், சொல்ல வந்ததை எல்லாம் முதலில் கொட்டிவிட்டு வினையைக் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஒரு நாடகம். முதல் வாரத்திலேயே, பையன்கள் இருவர் இருவராக, புது மொழி மட்டும் தெரிந்த ஒருவருக்குப் பாடம் சொல்ல அனுப்பப்படுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பல சமயம் அவர்களுடைய ஆசிரியரேதான். அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு இங்கே பகுதி நேர வேலை பார்க்கும், ஊழியம் முடித்துத் திரும்பிய இளைஞர். தான் போன நாட்டில் சந்தித்த யாரோ ஒருவராக மாறி உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் ஒரு சொல்கூடப் புரியாதவர் போல விழிப்பார். பையன்கள் திக்குவார்கள், குறிப்பைப் பார்ப்பார்கள், பேச்சு நின்று போகும். நாளைக்கு மீண்டும் அதே ‘ஆள்’ காத்திருப்பார், நேற்று விட்ட இடத்திலிருந்து.

படித்து முடித்த பிறகு பேசலாம் என்ற நம் பள்ளிக்கூட வழக்கத்துக்கு இது நேர் எதிர். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், 1985-இல் ஒன்றைக் கவனித்தார். ஆண்டுக் கணக்கில் பிரெஞ்சைக் கேட்டதால் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, பேச்சு மட்டும் பின்தங்கியே இருந்தது. பேச முயன்று தடுக்கி விழும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பதே ஒருவருக்குத் தெரியவருகிறது என்பது அவர் வாதம். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ப்ரோவோவின் நாடகம் இரண்டையும் ஒரே அறையில் செய்கிறது.

இதற்கு விலையும் உண்டு. நாள் முழுக்கத் துணையோடு புது மொழியிலேயே பேசு என்று மையம் வற்புறுத்துகிறது. துணையும் அரைகுறைதான். இரண்டு அரைகுறைகள் ஒருவரை ஒருவர் தப்பாகப் பேசிப் புரிந்துகொண்டால், அந்தத் தப்பு அவர்கள் வரையில் சரியாகிவிடுகிறது. மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-இல் இதற்குப் ‘புதைபடிவமாதல்’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். உறைந்து போன பிழை பிறகு எளிதில் கழன்று வராது.

ஆக, ஒன்பது வாரத்தில் அவர்கள் ஜப்பானியம் கற்பதில்லை. ஜப்பானியத்தின் ஒரு குறுகிய சந்து மட்டும் அவர்களுக்குப் பழக்கமாகிறது. ஞானஸ்நானம், மனந்திரும்புதல், தீர்க்கதரிசி எல்லாம் வாயில் தடையின்றி வரும். குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வராது. பழகியது பழகிய இடத்தில்தான் வேகமாக வரும் என்பது திறன்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் உண்மை. வெளியுறவுத் துறையின் 2,200 மணி நேரம் அகன்ற மொழிக்கான கணக்கு. இவர்கள் அகலத்தை விட்டுக் கொடுத்து வேகத்தை வாங்குகிறார்கள். சந்துக்கு வெளியே உள்ள ஊரை அங்கே போன பிறகு தெருவும், முன்பே வந்திருக்கும் மூத்த துணையும், மளிகைக் கடைக்காரரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தூதரகப் பள்ளியில் படிப்பவருக்கு மாலையில் வீட்டுக்குப் போய் ஆங்கிலத்தில் பேச வழியுண்டு. இவர்களுக்கு எதிரே கதவைத் திறந்தவர் காத்து நிற்பார். என்னைக் கேட்டால் ப்ரோவோ தரும் பெரிய பாடம் மொழியே இல்லை. தப்பாகப் பேசும் கூச்சத்தை முதல் வாரத்திலேயே உடைத்துவிடுவதுதான்.

வயதிலும் ஒரு விசித்திரம். ஹார்ட்ஷார்ன், டெனன்பாம், பின்கர் மூவரும் 2018-இல் இணையத்தில் சுமார் ஆறே முக்கால் லட்சம் பேர் எழுதிய ஆங்கில இலக்கணத் தேர்வை ஆராய்ந்தார்கள். இலக்கணம் கற்கும் ஆற்றல் 17.4 வயது வரை நன்றாக இருந்து பிறகு சரிவதாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் கேள்வி கேட்டவர்களும் உண்டு. சரியென்றே வைத்துக்கொண்டால், மிஷனரிகள் கதவு சாத்தத் தொடங்கிய மறுகணம் உள்ளே நுழைகிறார்கள். ஆனால் வளர்ந்தவர் மூளையும் அசையாமல் இருப்பதில்லை. ஸ்வீடன் ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர் பள்ளியில் அரபு, ரஷ்யன், தாரி மொழிகளை மூன்று மாதம் வெறித்தனமாகப் படித்த இளைஞர்களின் மூளையை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு படம் பிடித்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸும் மொழி சார்ந்த சில புறணிப் பகுதிகளும் பெருத்திருந்தன. அதே காலத்தில் வேறு பாடங்களைக் கடுமையாகப் படித்த மாணவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

மொழி ஆய்வாளர்களுக்கு இந்தச் சபை மேல் தனிப் பிரியம் உண்டு. சாதாரணமாக ஜப்பானியம் படிக்கிறவர் அதை ஆசைப்பட்டுத் தேர்ந்தவர். ஆகவே அவர் தேறியதற்குப் பயிற்சி காரணமா, ஆசை காரணமா என்று பிரிக்க முடியாது. இங்கே மொழியை யாரும் தேர்வதில்லை. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வளர்ப்பு, ஒரே பயிற்சி, ஒரே கால அளவு. முடிந்ததும் அந்த நாட்டை விட்டு வந்துவிடுகிறார்கள். எந்த ஆய்வுக்கூடமும் காசு கொடுத்து இப்படி ஒரு சோதனையை நடத்த முடியாது.

கற்பதைவிட மறப்பதைப் படிக்க இது வசதி. லின் ஹான்சென் என்ற ஆய்வாளர் கிழக்காசியாவிலிருந்து திரும்பிய மிஷனரிகளை இதற்காகவே தேடிப் பிடித்தார். ஜப்பானியத்தில் பொருளுக்கேற்ப எண்ணும் சொல் மாறும்: நீளமானதற்கு ஹோன், தட்டையானதற்கு மாய், சிறு விலங்குக்கு ஹிகி, ஆட்களுக்கு நின். ‘மூன்று பேர்’ என்று ஆட்களுக்கு மட்டும் நாம் செய்வதை அவர்கள் எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள். இந்தச் சொற்களைக் கற்ற வரிசையைத் திருப்பிப் போட்டால் மறக்கும் வரிசை கிடைக்கிறது. கடைசியில் வந்தது முதலில் போகிறது.

போனதும் முழுக்கப் போவதில்லை. ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்று சொல்லும் பழைய மிஷனரிகளிடம் அவர்கள் மறந்த சொற்களையும், எப்போதுமே தெரியாத சொற்களையும் கலந்து கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, மறந்த சொற்கள் சீக்கிரம் திரும்பி வந்தன. உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னைத் தானே சோதித்துக் கண்டுபிடித்த விஷயம்தான் இது. நினைவுக்கு எட்டாத சொல்லும் எங்கோ ஒரு தடம் வைத்திருக்கிறது.

மறதியின் வேகமும் சீரானதில்லை. பள்ளியில் ஸ்பானிஷ் படித்தவர்களை ஐம்பது ஆண்டு இடைவெளி வரை சோதித்த ஹாரி பாரிக், 1984-இல் சொன்னது இது: முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் வேகமாக மறக்கிறது, அதன் பிறகு மிஞ்சியது முப்பது ஆண்டு வரை ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ப்ரோவோவில் ஆங்கிலம் தெரியாதவர் போல விழித்துக்கொண்டு உட்காரும் அந்தப் பகுதி நேர ஆசிரியர்கள் பெரும்பாலும் ஊழியம் முடித்து ஓரிரு ஆண்டு ஆன கல்லூரி மாணவர்கள். மொழி வேகமாக வழுக்கிப் போகும் அதே ஆண்டுகளில், வாரத்தில் பல மணி நேரம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பேசுகிறார்கள்.