பட்டன் இருக்கிறது, இணைப்பு எங்கே?

யூனிட்டி கேம் எஞ்சினில் மதிப்பெண் பலகை, உயிர்ப் பட்டை, தொடக்க பட்டன் போன்றவை திரையில் ஓரிடத்தில் வடிவமைக்கப்படுகின்றன. அவற்றை இயக்கும் சி ஷார்ப் நிரல் தனிக் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது ரெஃபரன்ஸ் எனப்படும் இணைப்பு. அது இரண்டு கட்டங்களில் அறுபடலாம்: கம்பைலர் நிரலைப் படிக்கும்போது, அல்லது கேம் ஓடும்போது. அடையாளமும் மருந்தும் இரண்டுக்கும் வேறு வேறு.

முதல் வகையில் கேம் ஓடவே ஓடாது. கன்சோலில் சிஎஸ்0246 அல்லது சிஎஸ்0234 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வரும். நிரலில் எழுதிய பெயர் எதைக் குறிக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியவில்லை என்பதே இதன் பொருள். யூனிட்டியின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவலானது என்பது விளங்கும். பட்டன், ஸ்லைடர், டெக்ஸ்ட் ஆகியவற்றைக் கேன்வாஸில் வைக்கும் இன்றைய முறை 2014இல் வந்த 4.6 பதிப்பில் அறிமுகமானது. அவை ‘யூனிட்டிஎஞ்சின்.யூஐ’ என்ற பெயர்வெளியில் இருப்பதால், கோப்பின் தொடக்கத்தில் அதற்கான ‘யூஸிங்’ வரி தேவை. எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவின் பெயர்வெளி வேறு, அது ‘டிஎம்ப்ரோ’. பின்னர் வந்த யூஐ டூல்கிட் மூன்றாவது பெயர்வெளியைக் கொண்டுவந்தது. அதிலும் பட்டன் என்ற பெயரில் ஒரு வகை உண்டு. ‘யூனிட்டிஎஞ்சின்.யூஐ’யையும் இதையும் ஒரே கோப்பில் சேர்த்தால், எந்த பட்டன் என்று தெரியாமல் கம்பைலர் சிஎஸ்0104 பிழையைத் தரும். அப்போது முழுப் பெயரையும் எழுதிவிடுவதே தெளிவான வழி.

‘யூஸிங்’ வரி சரியாக இருந்தும் பிழை நீங்காவிட்டால் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். 2019.2 பதிப்பு முதல் யூஐ தனி பேக்கேஜாகிவிட்டது. அது ப்ராஜெக்டில் இல்லையென்றால் பெயர்வெளியும் இல்லை. அசெம்பிளி டெஃபினிஷன் கோப்பு வைத்து நிரலைப் பிரித்திருப்பவர்கள், அந்தக் கோப்பின் பட்டியலில் தேவையான அசெம்பிளிகளைத் தாங்களே சேர்க்க வேண்டும். யூனிட்டியில் பிழை எதுவும் இல்லாமல் விஷுவல் ஸ்டுடியோவில் மட்டும் சிவப்புக்கோடு தெரிந்தால் நிரலைத் தொட வேண்டாம். ப்ரெஃபரன்ஸில் எக்ஸ்டர்னல் டூல்ஸ் பகுதிக்குப் போய் ப்ராஜெக்ட் கோப்புகளை மறுபடி உருவாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது வகைதான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. கேம் தொடங்கும், ஆனால் ஓரிடத்தில் ‘நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன்’ என்ற பிழை வரும். பெயரைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அந்தப் பெயருக்குப் பின்னால் பொருள்தான் இல்லை. வீட்டு எண்ணைச் சரியாக எழுதி, வீடே கட்டாத மனைக்குக் கடிதம் போட்டதைப் போன்றது இது. பெரும்பாலும் இன்ஸ்பெக்டரில் அந்த மாறிக்கான கட்டம் ‘நன்’ என்று காலியாக இருக்கும். ஹையராக்கியிலிருந்து உரிய பொருளை இழுத்துப் போட்டால் போதும். இழுத்தாலும் கட்டம் ஏற்க மறுத்தால் வகையைப் பார்க்க வேண்டும். பழைய டெக்ஸ்டை எதிர்பார்க்கும் கட்டம் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ எழுத்தை ஏற்காது. கட்டம் நிரம்பியிருந்தும் பிழை வருகிறதா? அதே ஸ்கிரிப்ட் வேறொரு பொருளின் மேலும் தவறுதலாக ஒட்டியிருக்கலாம். ஹையராக்கியின் தேடல் பெட்டியில் ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால் அது அகப்பட்டுவிடும்.

பெயரைக் கொண்டு பொருளைத் தேடும் ‘கேம்ஆப்ஜெக்ட்.ஃபைண்ட்’ கட்டளையை நம்பி யூஐ எழுதுவது நல்ல பழக்கமல்ல. அணைத்துவைத்த பொருள் அதன் கண்ணுக்குத் தெரியாது. ‘கேம் ஓவர்’ பலகையோ தொடக்கத்தில் அணைந்தேதான் இருக்கும். ப்ரீஃபேப் கோப்புக்கும் ஓர் எல்லை உண்டு: ஸீனில் இருக்கும் பொருளை அதனுள் இழுத்துப் போட முடியாது. ப்ரீஃபேபிலிருந்து பொருளை உருவாக்கும் நிரலே அந்த இணைப்பையும் கையில் கொடுக்க வேண்டும்.

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இணைப்பு இன்று ‘மிஸ்ஸிங்’ என்று காட்டினால், பெயர் மாற்றமோ கோப்பு நகர்த்தலோ நடந்திருக்கலாம். யூனிட்டி ஒவ்வொரு கோப்பையும் அதன் மெட்டா கோப்பில் உள்ள அடையாள எண்ணால்தான் அறிகிறது. விண்டோஸ் ஃபோல்டரில் ஸ்கிரிப்டை மட்டும் நகர்த்தி மெட்டாவை விட்டுவிட்டால் புது எண் பிறக்கும். பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். பட்டனின் ‘ஆன்கிளிக்’ பட்டியல் செயற்கூற்றின் பெயரை வெறும் எழுத்தாகவே சேமிக்கிறது. நிரலில் பெயரை மாற்றினால் அங்கும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். மாறியின் பெயரை மாற்றும்போது ‘ஃபார்மர்லி சீரியலைஸ்டு ஆஸ்’ என்ற குறிப்பில் பழைய பெயரைத் தந்தால், இன்ஸ்பெக்டரில் போட்ட இணைப்பு அறுபடாது.

பிழைச்செய்திகள் பத்து வந்தாலும் முதலில் வந்ததையே படியுங்கள். அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் கோப்பும் வரியும் திறக்கும். பிழை கம்பைலருடையதா, ஓட்டத்தில் வந்ததா என்று அங்கே பார்த்துவிட்டு அதன்பிறகு நிரலில் கைவையுங்கள்.